காற்றழுத்தக் கதவு

நான்காம் சீசன் நேற்று ராத்திரி முடிந்தது.
எப்படி என்று கேட்கிறாள் இஷ்பெல்,
ஏழாம் பகுதியிலேயே சோபாவில் தூங்கிப்போனவள்.
பத்துப் பகுதிகளின் கோபத்தைச்
சட்டைப்பையில் சேர்த்து வைத்திருந்தேன்.
கேட்டதும் ஒரு சொல் வரவில்லை.
ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

நான் டண்டீயில் பேருந்து பழுது பார்ப்பவன்.
நட்சத்திரங்கள் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது.
பிரேக் பற்றி உண்டு.

'தொலைவிளக்கு' என்கிற அந்தக் கப்பலை
முதல் சீசனில் நான் நம்பியது
அதில் துரு இருந்ததால்.
நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய பொறியாளர் வெர்னா
ஒரு பகுதி முழுக்க ஒரே வால்வை இறுக்கினாள்.
வேற்றுக்கிரகத்தார் வரவில்லை,
யாரும் யாரையும் சுடவில்லை.
நாற்பத்தேழு நிமிடம்.
கடைசியில் கசிவு நின்றது.
எழுந்து நின்று கைதட்டினேன்.
கீழ்வீட்டு டூகல்ட்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தான்.

இப்போது அவர்களுக்குப் பணம் வந்துவிட்டது.
பல் மருத்துவரின் அறைபோலப் பளபளக்கிறது கப்பல்.
திரும்பின பக்கமெல்லாம் யுத்தம்.
மூன்றாம் சீசனில் செத்துப்போன வெர்னா
ஐந்தாம் பகுதியில் நகலாக நடந்து வருகிறாள்,
சுத்தமான நகங்களோடு.
அவளுக்காகப் போன பிப்ரவரியில்
ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை நான்.
அந்தப் பட்டினியை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

இதையும் பொறுத்திருப்பேன்.
கதவைத்தான் பொறுக்க முடியவில்லை.

கதவைப் பற்றி இஷ்பெல்லிடம்கூடச் சொன்னதில்லை.
தொலைவிளக்கின் வெளிக்கதவு திறக்கையில்
முதலில் ஒரு பெருமூச்சு,
நடுவில் ஒரு விக்கல்,
பிறகு ரப்பரில் ரப்பர் மோதும் தொப்பென்ற ஓசை.
முதல் தடவையே தெரிந்துவிட்டது.
அது எங்கள் பழைய இரட்டைமாடிப் பேருந்தின் முன்கதவு.
விக்கல், சிலிண்டரில் வாஷர் தேய்ந்தால் வருவது.
யாரோ ஒரு ஒலிப்பதிவாளர்,
மழை பெய்த ஏதோவொரு நாளில்,
ஏதோவொரு நிறுத்தத்தில் மைக்கை நீட்டியிருக்கிறார்.
மூன்று சீசன்களாக
சனிக்கோளின் வளையங்களைத் தாண்டியும் ஒலித்தது
நான் மாற்றாமல் விட்ட வாஷராகவும் இருக்கலாம்.

இந்தச் சீசனில் கதவு ரீங்கரிக்கிறது,
கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில்
ஈரவிரல் ஓட்டினாற்போல.
அழகுதான். இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் அந்தச் சத்தத்தில் எந்தக் கதவும் மூடாது.

எட்டாம் பகுதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது;
மிச்சம் பிடிக்க யாரும் பேசுவதில்லை.
வழிகாட்டிப் பெண் சர்க்கரைக் கட்டிகளை எண்ணுகிறாள்,
ஆளுக்கு ஒன்று வைக்கிறாள்,
தன்னுடையதைக் கைதியின் தட்டுக்கு நகர்த்துகிறாள்.
கைதி அதைத் தின்னாமல்
விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டேயிருக்கிறான்.
டீ ஆறிப்போனது எனக்கு.
மறுவாரமே அவனைச் சுட்டுவிட்டார்கள், பாவிகள்,
வசனம் பேசி, மெதுவாக, இரண்டு கோணங்களில்.

"மோசம்" என்றேன் கடைசியில்.
"ஐந்தாவது எடுத்தால்?"
"எப்போதாம்?"
இஷ்பெல் சிரித்த சிரிப்பில்
கருகின ரொட்டி அவள் மூக்கில் ஏறியது.

அவளிடம் சொல்லாதது இது:
பத்தாம் பகுதியின் கடைசி நிமிடம்.
எல்லோரும் போய்விட்டார்கள். வெற்று நடைவழி.
வெளிக்கதவு திறக்கிறது, யாருக்குமில்லாமல்.
பெருமூச்சு. விக்கல். தொப்.
மூன்று நொடி.
அவசரத்தில் பழைய கோப்பை எடுத்து ஒட்டிவிட்டார்களா,
அல்லது அங்கேயும் ஒருவருக்கு
அந்தச் சத்தம் இல்லாமல் முடியவில்லையா?
திருப்பித் திருப்பி ஓடவிட்டேன்
டே ஆற்றுப் பாலத்தில் முதல் ரயில் போகும்வரை.

இன்று காலை பணிமனையில்
இருபத்திரண்டாம் தடப் பேருந்து வந்து நின்றது.
கதவு விக்குதாம், ஓட்டுநர் புகார்.
ஸ்ட்ரூவன் புது வாஷரைக் கொண்டுவந்து நீட்டினான்.
"மதியம் பார்க்கலாம்" என்றேன்.
மணி இப்போது மூன்றரை.
வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.
வாஷர் என் உள்ளங்கையில் சூடேறிக் கிடக்கிறது.